நெல் கொள்வனவுத் தரவுத்தளம் ஓடும் சேர்வரிலேயே பிஐ மென்பொருளையும் போடலாமா?

2025 ஜனவரி 6, பரந்தன் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு நான்கு நெல் கொள்வனவு நிலையங்கள். அலுவலகத்தில் ஒரே ஒரு சேர்வர்: 4 கோர், 16 ஜிபி ரேம், 1 டிபி வன்தட்டு இரண்டு. விண்டோஸில் மைக்ரோசொப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சேர்வர் 2016, இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. தரவுத்தளம் 6 ஜிபி அளவில் நிற்கிறது. காலபோக அறுவடை முடிவதற்குள் பிஐ டாஷ்போர்ட், அதாவது தரவைத் தொகுத்து வரைபடங்களாகக் காட்டும் திரை, வேண்டும் என்கிறது பணிப்பாளர் சபை. விலைமனு தந்தவர் 16 கோர், 64 ஜிபி சேர்வர் இல்லாமல் சரிவராது என்கிறார். மென்பொருளின் தேவைப்பட்டியலைப் பார்த்தால் 4 ஜிபி போதும் என்று கிடக்கிறது. எதை நம்புவது?

2025 ஜனவரி 7

இரண்டுமே உங்கள் இடத்தைப் பார்த்து எழுதிய எண் இல்லை. தேவைப்பட்டியலில் இருப்பது, மென்பொருள் தடங்கல் இல்லாமல் நிறுவப்படுவதற்கான எண். எஸ்கியூஎல் சேர்வர் 2022க்குக் குறைந்தபட்சம் என்று போட்டிருப்பது 1.4 கிகாஹேர்ட்ஸ் செயலி, 6 ஜிபி வட்டு இடம், எக்ஸ்பிரஸ் என்றால் 512 எம்பி நினைவகம், மற்றப் பதிப்புகளுக்கு 1 ஜிபி. அதில் தரவுத்தளம் எழும்பி நிற்கும், அவ்வளவுதான். நான்கு நிலையங்களில் நெல் நிறுத்துப் பற்றுச்சீட்டு அடிக்கும் நேரத்தில் ஒருவர் மூன்று வருட ஒப்பீடு கேட்டால் என்ன நடக்கும் என்று அந்தப் பட்டியல் சொல்லாது.

64 ஜிபி எங்கிருந்து வந்தது என்று விலைமனுக்காரரிடமே கேளுங்கள். எத்தனை பேர் பார்ப்பார்கள், எவ்வளவு தரவு, எந்த நேரம் என்று உங்களிடம் ஒன்றும் கேட்காமல் அவர் எழுதியிருந்தால், அந்த எண் வேறு யாருக்கோ போட்ட விலைமனுவில் இருந்து வந்தது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பற்றுச்சீட்டு அடிக்கும் தரவுத்தளத்தின் மேல் நேரடியாக டாஷ்போர்ட் ஓட்டாதீர்கள். சேர்வர் பெரிதா சிறிதா என்பது அதற்குப் பிறகுதான். கிளிநொச்சியில் நான் பார்த்துக்கொள்ளும் ஓர் அரிசி ஆலையில் இது நடந்து கண்டிருக்கிறேன். மாசி மாதக் காலை, வாசலில் நெல் லொறிகள் வரிசையில் நிற்கின்றன. உள்ளே ஒருவர் போகம் வாரியாக, இனம் வாரியாக, ஊர் வாரியாக ஓர் அறிக்கையைத் திறக்கிறார். தராசடியில் இருக்கும் பெண்ணின் திரை அப்படியே உறைந்துவிட்டது. ஒரே தராசில் ஒருவர் மூடை நிறுத்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வந்து முழுக் களஞ்சியத்தையும் இப்போதே நிறுத்துக் காட்டு என்று நிற்பது போன்ற நிலை. தராசு பழுதில்லை. ஆனால் வரிசை நகராது.

காரணம் வேகம் மட்டும் இல்லை. எஸ்கியூஎல் சேர்வரில் மாற்றாமல் விட்டிருக்கும் அமைப்பில், எழுதுபவரும் வாசிப்பவரும் ஒரே அட்டவணையில் முட்டினால் ஒருவருக்காக மற்றவர் காத்திருப்பார். பெரிய அறிக்கை என்றால் காத்திருப்பும் பெரியது. 64 ஜிபி போட்டாலும் இந்தப் பூட்டு இருக்கத்தான் போகிறது.

2025 ஜனவரி 7, இரவு

முக்கியமான ஒன்றைத் தனியாக எழுத வேண்டும். உங்களிடம் இருப்பது எக்ஸ்பிரஸ். 2016 முதல் 2022 வரையான வெளியீடுகளில் ஒரு எக்ஸ்பிரஸ் நிறுவல் தரவைப் பிடித்துவைக்க 1410 எம்பி நினைவகத்துக்கு மேல் எடுக்காது. 4 கோருக்கு மேல் பாவிக்காது. ஒரு தரவுத்தளம் 10 ஜிபியைத் தாண்ட விடாது. ஆகவே 16 கோர், 64 ஜிபி பெட்டியில் அதே எக்ஸ்பிரஸை ஏற்றினால் 12 கோர் சும்மா இருக்கும், பெரும்பகுதி ரேமும் சும்மா இருக்கும். இந்த எல்லைகள் இல்லாத, காசு கட்டி வாங்கும் ஸ்டாண்டர்ட் பதிப்பின் உரிமக் காசு விலைமனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சங்கத்தின் பணம் இரும்புப் பெட்டிக்குத்தான் போகிறது.

6 ஜிபியில் நிற்கும் தரவுத்தளம் 10 ஜிபிக்குப் போய்ச் சேரும் நாளையும் இப்போதே கணக்குப் பார்த்து வையுங்கள். அந்த எல்லை வந்தால் புதிய பற்றுச்சீட்டு பதியாது. அறுவடை நேரத்தில் வந்தால் சொல்லவே வேண்டாம். 2016 பதிப்புக்கான ஆதரவும் 2026 ஜூலையோடு முடிகிறது.

2025 ஜனவரி 9

வவுனியாவில் இருந்து ஒருவர், மைக்ரோசொப்டின் பிஐ மென்பொருளான பவர் பிஐக்கு ஒரு மடிக்கணினி போதும், சேர்வர் எதற்கு என்று கேட்டிருக்கிறார். பாதி சரி. பவர் பிஐ டெஸ்க்டாப் மடிக்கணினியில் ஓடும். ஆனால் அது எந்த முறையில் தரவை எடுக்கிறது என்பதில்தான் சேர்வரின் பாடு இருக்கிறது.

இம்போர்ட் முறையில் தரவு முழுவதும் ஒருமுறை இழுக்கப்பட்டு, நன்றாகச் சுருக்கப்பட்டு, பவர் பிஐயின் நினைவகத்தில் உட்காரும். பிறகு எத்தனை தரம் சொடுக்கினாலும் மூலத் தரவுத்தளத்துக்குத் தெரியாது. புதுப்பிக்கும் நேரத்தில் மட்டும் அதற்கு வேலை. நேரடி வினவல் முறை அப்படியில்லை. ஒரு பக்கத்தில் பத்து வரைபடம் இருந்தால், அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்காகவும் குறைந்தது பத்துக் கேள்வி தரவுத்தளத்துக்குப் போகும். மாவட்டத்தை மாற்றிச் சொடுக்கினால் மறுபடி பத்து. ஐந்து பேர் பார்க்கும் அலுவலகத்திலேயே இது உறைக்கும்.

நான்கைந்து பேர் பகிர்ந்து பார்க்க வேண்டுமென்றால் புரோ உரிமம் வேண்டும். 2025 மார்ச் வரை ஆளுக்கு மாதம் 10 டொலர், 2025 ஏப்ரல் 1 முதல் 14 டொலர் என்று அறிவித்தார்கள். அதில் ஒரு நாளைக்கு 8 தரம்தான் தானாகப் புதுப்பிக்கலாம், ஒரு தரவுத்தொகுப்பு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். உங்கள் அளவுக்கு இவை தாராளம். ஆனால் அலுவலகத் தரவை இணையத்துக்குக் கொண்டுபோக கேட்வே என்று ஒரு மென்பொருள் உள்ளே ஓட வேண்டும். அதற்குப் பரிந்துரை 8 கோர், 8 ஜிபி, எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டு). எப்போதும் விழித்திருக்கும் கணினியில், கேபிள் இணைப்பில் இருக்க வேண்டும். முகாமையாளர் மாலையில் மூடி வீட்டுக்குக் கொண்டுபோகும் மடிக்கணினியில் கேட்வே போட்ட இடம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு இரவும் புதுப்பிப்பு தோற்றது, காலையில் எல்லோரும் தரவுத்தளத்தைக் குறை சொன்னார்கள்.

மெட்டாபேஸ் போன்ற இலவச மென்பொருளின் எண்கள் இன்னும் சிறியவை. 1 கோர், 1 ஜிபியில் தொடங்கலாம். ஒரே நேரத்தில் பார்க்கும் ஒவ்வொரு 20 பேருக்கும் 1 கோர், 2 ஜிபி கூட்டிக்கொள் என்கிறது அவர்களின் வழிகாட்டி. இதைப் படித்துவிட்டுப் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அது மெட்டாபேஸுக்கு மட்டுமான கணக்கு. கூட்டிக் கழிக்கும் பாரம் முழுவதும் தரவுத்தளத்தின் தலையில்தான் விழும்.

இன்னொன்று: மெட்டாபேஸ் தன் சொந்தத் தரவை, அதாவது பயனர்கள், சேமித்த கேள்விகள், டாஷ்போர்ட்கள் எல்லாவற்றையும், தொடக்கத்தில் எச்2 என்ற ஒரு கோப்பில்தான் வைக்கும். அது பரீட்சித்துப் பார்க்க மட்டும். கரண்ட் போகும் ஊரில் அந்தக் கோப்பு கெட்டுப்போனால் செய்த வேலை அத்தனையும் போகும். முதல் நாளே போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தளத்துக்கு மாற்றிவிடுங்கள்.

2025 ஜனவரி 13

பொங்கலுக்கு முன் வட்டைப் பற்றி எழுதி முடித்துவிடலாம்.

சுழலும் வன்தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி வாசிக்கும்போது நொடிக்கு 100 வாசிப்பு வருவதே பெரிய காரியம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதையே பல ஆயிரக்கணக்கில் செய்யும். நினைவகம் 1410 எம்பிக்கு மேல் போகாத எக்ஸ்பிரஸில், 6 ஜிபி தரவைத் தொடும் அறிக்கை வட்டுக்குப் போயே ஆக வேண்டும். ஆகவே உங்கள் பெட்டியில் நாளைக்கே ஒரு மாற்றம் செய்ய முடியும் என்றால் அது ரேம் இல்லை, செயலி இல்லை, எஸ்எஸ்டிதான்.

இரண்டு எஸ்எஸ்டி வாங்கி ஒன்றின் பிரதி மற்றதில் நிற்கும்படி வையுங்கள். பல வட்டுகளில் தரவைப் பிரித்து வைக்கும் ரெய்ட் 5 என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் ஒரு சின்ன எழுத்துக்கு நான்கு வட்டு வேலை நடக்கும். பற்றுச்சீட்டு அடிப்பது முழுவதும் சின்னச் சின்ன எழுத்துத்தான்.

பிரதி இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று நினைக்கவும் கூடாது. தவறுதலாக அழித்த வரி இரண்டு வட்டிலும் ஒரே நேரத்தில் அழியும்.

2025 ஜனவரி 15

போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர் ஒருவர் கேட்டதற்குச் சுருக்கமாக: மாற்றாமல் விட்டால் அது 128 எம்பிதான் பொதுத் தேக்கமாக, அதாவது வாசித்த தரவைப் பிடித்துவைக்கும் நினைவகமாக, எடுக்கும். இருக்கும் ரேமில் கால்வாசி கொடுங்கள். வரிசைப்படுத்தல் போன்ற ஒவ்வொரு வேலைக்கும் 4 எம்பி என்பது தொடக்க அமைப்பு. அறிக்கைக்கு அது போதாது, வட்டில் தற்காலிகக் கோப்பு எழுதத் தொடங்கிவிடும். ஆனால் எல்லோருக்கும் பொதுவாக உயர்த்தாதீர்கள். ஒரு கேள்விக்குள்ளேயே அந்த அளவு பல தரம் எடுக்கப்படலாம். தொடக்கத்திலேயே 100 இணைப்பு அனுமதி இருக்கிறது, பெருக்கிப் பாருங்கள். அறிக்கைக்கென்று ஒரு தனிப் பயனரை உருவாக்கி, அவருக்கு மட்டும் 64 எம்பி, அதோடு ஒரு கேள்வி இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடினால் வெட்டிவிடும் கட்டுப்பாடும்.

எஸ்கியூஎல் சேர்வரின் கட்டணப் பதிப்புகளில் சிக்கல் தலைகீழ். மேல் எல்லை வைக்காவிட்டால் இருக்கும் நினைவகம் முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். அதே பெட்டியில் வேறு எதுவும் ஓடினால் மூச்சுத் திணறும். எல்லையை நீங்கள்தான் போட வேண்டும்.

2025 ஜனவரி 22

எத்தனை பேர் பார்ப்பார்கள், என்னென்ன வேண்டும், எவ்வளவு புதிய எண் வேண்டும் என்ற என் கேள்விகளுக்குப் பரந்தன்காரர் பதில் கொண்டுவந்திருக்கிறார். பார்ப்பவர்கள் ஐந்து பேர். வேண்டியவை: நிலையம் வாரியாகத் தினக் கொள்வனவு, களஞ்சியத்தில் இருப்பு, கமக்காரருக்குக் கொடுக்க வேண்டிய மீதி, போன காலபோகத்தோடு ஒப்பீடு. கொடுக்க வேண்டிய மீதி மட்டும் இன்றைய எண்ணாக வேண்டும், மற்றதெல்லாம் நேற்று மாலை வரை இருந்தால் போதும்.

இது நல்ல செய்தி. மீதியைக் காட்டும் சின்ன அறிக்கையை இப்போதுள்ள கணக்கு மென்பொருளிலேயே விட்டுவிடலாம். அது ஒரு கமக்காரரின் வரியை மட்டும் தொடும், யாரையும் நிறுத்தாது. மிச்சம் எல்லாவற்றுக்கும் இரண்டாவது பெட்டி ஒன்று.

நான் செய்வது இதுதான். இரவு தராசு மூடிய பிறகு முதல் பெட்டி பேக்கப் எடுக்கிறது. எக்ஸ்பிரஸில் வேலைகளைத் தானாக ஓட்டும் ஏஜென்ட் கிடையாது, ஆகவே விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போட வேண்டும். எக்ஸ்பிரஸ் பேக்கப்பைச் சுருக்காது, ஆகவே 6 ஜிபி முழுதாக நகரும். 100 எம்பிபிஎஸ் கேபிளில் எட்டு ஒன்பது நிமிடம், கிகாபிட் என்றால் ஒரு நிமிடத்துக்குக் கிட்ட. இரண்டாவது பெட்டியில் எஸ்கியூஎல் சேர்வர் 2022 எக்ஸ்பிரஸ். அந்த பேக்கப்பை அங்கே மீளேற்றி, அதன் மேல் மெட்டாபேஸ். 2016இல் எடுத்ததை 2022இல் ஏற்றலாம், மறுபக்கம் முடியாது. டெவலப்பர் பதிப்பும் இலவசம், எல்லையும் இல்லை என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அதை அன்றாட அலுவலக வேலைக்குப் பாவிக்க உரிமம் இடம் தராது.

மீளேற்றியதும் வாசிக்க மட்டும் உரிமையுள்ள பயனரை மறுபடி இணைக்கும் வரியை ஸ்கிரிப்டில் சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் காலையில் மெட்டாபேஸ் உள்ளே போக முடியாமல் நிற்கும்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது டாஷ்போர்ட் இல்லை. எத்தனையோ அலுவலகங்களில் பேக்கப் எடுக்கிறார்கள், ஒருநாளும் மீளேற்றிப் பார்த்ததில்லை. இங்கே ஒவ்வோர் இரவும் மீளேற்றம் நடக்கிறது. காலையில் டாஷ்போர்ட்டில் நேற்றைய எண் இருந்தால் பேக்கப் நல்லது. நேற்று முன்தினத்து எண் இருந்தால் எங்கேயோ உடைந்திருக்கிறது. தொழில்நுட்பம் தெரியாத முகாமையாளருக்கே அது கண்ணில் படும்.

பெட்டி என்ன? அலுவலகத்தில் பாவித்து விற்கும் நல்ல டெஸ்க்டொப் ஒன்று, 4 அல்லது 6 கோர், என்விஎம்இ எஸ்எஸ்டி 500 ஜிபி, ரேம் 32 ஜிபி. உபுண்டு போடலாம், எஸ்கியூஎல் சேர்வர் 2017 முதல் லினக்ஸிலும் ஓடுகிறது.

தனிப் பெட்டிக்குப் பணமே இல்லை, ஒரே சேர்வர்தான் என்பவர்கள் குறைந்தது இவ்வளவாவது செய்யுங்கள். எஸ்கியூஎல் சேர்வரில் ரீட் கமிட்டட் ஸ்நாப்ஷாட் என்ற அமைப்பை இயக்குங்கள். வாசிப்பவர் பழைய பிரதியைப் பார்ப்பார், எழுதுபவரைத் தடுக்க மாட்டார். அந்தப் பழைய பிரதிகள் டெம்ப்டிபி என்ற தற்காலிகத் தரவுத்தளத்தில் சேரும், அதற்கு இடம் விடுங்கள். அறிக்கை இரவில் கட்டிய சுருக்க அட்டவணையை மட்டும் வாசிக்கட்டும்.

2025 ஜனவரி 30

டாஷ்போர்ட்டில் ஒரே கமக்காரர் இரண்டு பேராக வருகிறார் என்கிறார் பரந்தன்காரர். இது வன்னியில் எல்லா அலுவலகத்திலும் வரும்.

அடையாள அட்டை எண்தான் முதல் காரணம். 2016 முதல் 12 இலக்கம், அதற்கு முந்தையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும். போரில் ஆவணம் தொலைத்துப் பிறகு புது அட்டை எடுத்தவர்கள் இங்கே ஏராளம். 2015இல் பழைய எண்ணில் பதிந்தவர் போன வருடம் புது எண்ணோடு வந்திருப்பார். பழையதைப் புதியதாக்குவது கடினம் இல்லை. முன்னால் 19 சேர்க்க வேண்டும். வருடத்தின் இரண்டு இலக்கமும் நாளின் மூன்று இலக்கமும் அப்படியே இருக்கும். அடுத்த மூன்று இலக்கத் தொடர் எண்ணுக்கு முன் ஒரு 0. கடைசி இலக்கம் அப்படியே. எழுத்தை விட்டுவிடலாம். இந்த மாற்றத்தை இரண்டாவது பெட்டியில் மட்டும் செய்யுங்கள். மூல அட்டவணையில் கை வைக்க வேண்டாம், கமக்காரர் கையில் இருக்கும் பற்றுச்சீட்டில் பழைய எண்தான் அச்சாகியிருக்கிறது.

இரண்டாவது பாமினி. பழைய பெயர்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. கணக்கு மென்பொருளில் தமிழாகத் தெரியும், டாஷ்போர்ட்டில் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். தரவுத்தளத்தில் உண்மையிலேயே இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துக்கு எழுத்து மாற்றி எழுதினால் சரிவராது. பாமினியில் கொம்பு முன்னால் அடிக்கப்படும், யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். அந்த வரிசையைத் திருப்பிப் போடும் மாற்றி வேண்டும். மாற்றிய பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொ என்பதில் வரும் ஒகர உயிர்க்குறி ஒரே குறியாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் பெயர் வைத்துப் பொருத்தவே கூடாது.

புது அட்டவணை கட்டும்போது பெயர் நிரலை யூனிகோடு ஏற்கும் என்வார்கார் வகையில் வையுங்கள். சாதாரண வார்காரில் தமிழைப் போட்டால் வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். அதை எந்த மாற்றியாலும் மீட்க முடியாது.

சேர்வர் தேவை பற்றிய இழையில் இதற்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். தேவைதான். ஒரே ஆள் இரண்டாக எண்ணப்படும் டாஷ்போர்ட்டை 64 ஜிபியில் ஓட்டினாலும் பிழையான எண் வேகமாக வரும், அவ்வளவே. ஒருவருக்குச் சேர வேண்டிய மீதியை இரண்டு பேரில் பிரித்துக் காட்டினால் அவர் வாசலில் வந்து நிற்பார்.

2025 பெப்ரவரி 6

நேற்று நெல்லுக்கான அரசாங்க விலை அறிவித்திருக்கிறார்கள்: நாட்டு கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. உங்கள் விலை அட்டவணையில் ஓர் இனத்துக்கு ஒரு வரிதான் இருக்கிறது என்றால், இன்று அதை மாற்றியதும் ஜனவரியில் வாங்கிய நெல்லின் பெறுமதியும் அறிக்கையில் மாறிவிடும். எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை என்று இரண்டு நிரல் சேர்த்து, புது விலைக்குப் புது வரி போடுங்கள். பழைய வரி அப்படியே நிற்கட்டும்.

2025 பெப்ரவரி 10

நேற்று ஞாயிறு முற்பகல் நாடு முழுவதும் கரண்ட் போனது எல்லோருக்கும் தெரியும். பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு என்கிறார்கள். அறுவடை காலம் என்பதால் பல இடங்களில் தராசு ஓடிக்கொண்டிருந்தது. இன்று எனக்கு வந்த அழைப்புகள் எல்லாம் ஒரே கேள்வி: எந்த யூபிஎஸ் வாங்கலாம்?

தேவைப்பட்டியல்களில் இந்த வரியே இருப்பதில்லை, நமக்கு இதுதான் முதல் வரி. 1000 விஏ யூபிஎஸ்ஸில் 12 வோல்ட், 9 ஆம்பியர் மணி மின்கலம் இரண்டு இருக்கிறது என்று வையுங்கள். காகிதத்தில் 216 வோட் மணி. இரண்டு பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 150 வோட் இழுத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும். வராது. வேகமாக இழுக்கும்போது ஈய மின்கலம் முழுவதையும் தராது, மாற்றும்போதும் இழப்பு உண்டு. பாதி நேரம் வந்தால் நல்ல மின்கலம். அதுவும் புதிதாக இருந்தால். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈய மின்கலத்தின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். கச்சான் அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த யூபிஎஸ்ஸிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே யூபிஎஸ் என்பது வேலையைத் தொடர்வதற்கு இல்லை, ஒழுங்காக மூடுவதற்கு. யூஎஸ்பி கேபிளைச் சேர்வரில் கட்டாயம் சொருகுங்கள். மின்கலம் பாதிக்கு வந்ததும் தரவுத்தளம் தானாக மூட வேண்டும். அந்தக் கேபிள் பெட்டிக்குள்ளேயே பிரிக்காமல் கிடக்கும் அலுவலகங்கள் எத்தனையோ. முதலில் இரண்டாவது பெட்டி மூடட்டும், அறிக்கை இல்லாமல் ஒரு பகல் போகலாம். மிச்ச மின்கலம் தராசுப் பெட்டிக்கு.

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வெட்டினார்கள். அந்த அளவுக்குத் தாங்க வேண்டுமென்றால் ஜெனரேட்டர் அல்லது சூரிய மின்பலகையோடு பெரிய மின்கலம் வேண்டும். அது வேறு பட்ஜெட்.

2025 பெப்ரவரி 12

மேலே விட்டது: இடி. இரண்டு கட்டடத்துக்கு இடையில் செப்பு நெட்வேர்க் கேபிள் ஓடினால், யூபிஎஸ் எவ்வளவு நல்லதென்றாலும் மின்னல் அந்த வழியால் உள்ளே வரும். ஐப்பசியில் ஸ்விட்சும் சேர்வரின் நெட்வேர்க் அட்டையும் ஒன்றாகப் போவது இதனால்தான். களஞ்சியத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஃபைபர் போடுங்கள். புவித் தொடுப்பை மின்பொறியாளர் ஒருவரைக் கொண்டு அளந்து பாருங்கள். நெல் தூசுக்குப் பெட்டியின் முன்பக்கத்தில் வலை.

2025 பெப்ரவரி 19

முல்லைத்தீவுப் பக்கம் இருந்து கேட்கிறார்கள்: எல்லாவற்றையும் கிளவுட்டில் வைத்தால் கரண்ட், இடி, தூசு ஒன்றும் இல்லையே?

இதில் என் மனம் இரண்டாகத்தான் நிற்கிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டிலும் தண்ணீர் ஏறியதைப் பார்த்த பிறகு, ஒரு பிரதியாவது மாவட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேக்கப்பைப் பூட்டுப் போட்டு மறைகுறியாக்கி இரவில் ஏற்றுங்கள். ஆனால் தராசின் தரவுத்தளத்தைச் சிங்கப்பூரிலோ மும்பையிலோ வைத்தால், 4ஜி விழும் பின்னேரத்தில் கமக்காரர் மூடையோடு காத்திருப்பார். டாஷ்போர்ட்டை மட்டும் வெளியே வைப்பது பரவாயில்லை. அறிக்கை ஒரு மணி நேரம் தாமதித்தால் யாருக்கும் நட்டம் இல்லை. கட்டணம் டொலரில் என்பதைச் சபைக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். 2022இல் டொலருக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

வெளியே அனுப்பும் எதிலும் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அப்படித்தான். ஒரு கமக்காரரின் கணக்கு எண்ணை டாஷ்போர்ட்டில் பார்க்க வேண்டிய அவசியம் பணிப்பாளர் ஒருவருக்கும் இல்லை. அந்த நிரல்கள் இல்லாத ஒரு வியூவை (அட்டவணையின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் பார்வை) கட்டி, மெட்டாபேஸின் பயனருக்கு அதை மட்டும் திறந்துவிடுங்கள்.

2025 மார்ச் 4

பரந்தன்காரர் 32 ஜிபி கிடைக்காமல் 16 ஜிபி பெட்டி வாங்கியிருக்கிறார். எண்களைப் பார்த்தேன். எக்ஸ்பிரஸ் தேக்கம் 1.4 ஜிபி, அதைச் சுற்றியுள்ளதும் சேர்த்து 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். மெட்டாபேஸுக்கு 2 ஜிபி. அதன் சொந்த போஸ்ட்கிரெஸுக்கு அரை ஜிபி. இயங்குதளத்துக்கு 2 ஜிபி. 8 ஜிபிக்குள் அடங்குகிறது, மிச்சம் எதிர்காலத்துக்கு. ஐந்து பேருக்கு 16 ஜிபி நிறையக் காணும். ஜனவரி 22இல் 32 என்று எழுதியதைப் படித்துவிட்டு வாங்கப் போகிறவர்கள், எக்ஸ்பிரஸ் என்றால் 16 வாங்குங்கள். போஸ்ட்கிரெஸில் முழுத் தரவையும் வைக்கப் போகிறவர்களுக்கு 32 பொருந்தும். அதற்கு எக்ஸ்பிரஸ் போன்ற எல்லை கிடையாது, கொடுக்கும் ரேமைப் பாவிக்கும்.

முகாமையாளர் பத்து வருட ஒப்பீட்டைத் திறந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கிறதாம். தராசு நிற்கவில்லை என்பதே எனக்குப் போதும், ஆனாலும் சரிசெய்யலாம். மீளேற்றம் முடிந்ததும் நாள், நிலையம், இனம், கிலோ, பெறுமதி என்று ஒரு சுருக்க அட்டவணை கட்டுங்கள். அதைத் தனித் தரவுத்தளமாக வையுங்கள். 10 ஜிபி எல்லை ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனி. அதோடு மூலம் இரவுதோறும் மேலெழுதப்படும்போது இது அழியாது. டாஷ்போர்ட் சுருக்கத்தை வாசிக்கட்டும், ஒரு பற்றுச்சீட்டைத் தேடும்போது மட்டும் மூலத்துக்குப் போகட்டும். போஸ்ட்கிரெஸ்காரர்களுக்கு இதற்கு மெட்டீரியலைஸ்ட் வியூ, அதாவது கேள்வியின் விடையைச் சேமித்து வைக்கும் அட்டவணை, உண்டு. பார்ப்பவர்களைத் தடுக்காமல் புதுப்பிக்க வேண்டுமென்றால் அதில் ஒரு தனித்துவச் சுட்டி (யுனிக் இன்டெக்ஸ்) இருக்க வேண்டும்.

2025 மார்ச் 6

காலை மின்னஞ்சலில் வரும் வரைபடத்தில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டங்களாக வருகின்றன என்று கேட்டவருக்கு: அந்தப் படம் உங்கள் உலாவியில் உருவாவதில்லை, சேர்வரில் உருவாகிறது. உபுண்டு பெட்டியில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி மெட்டாபேஸை மறுபடி தொடங்குங்கள்.

ஒட்டுசுட்டானில் இருந்து, பால் சேகரிப்புக் கணக்கையும் இதே இரண்டாவது பெட்டியில் ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்றலாம். இரண்டு மீளேற்றத்தையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், நெல் முடிந்து அரை மணி கழித்துப் பால். பால் சேகரிப்பு விடியற்காலையில் தொடங்குகிறது, ஆகவே பேக்கப் அதிகாலை மூன்றுக்குள் முடிந்திருக்க வேண்டும். வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்து எழுதுங்கள், அதன் பிறகு மற்றதைச் சொல்கிறேன்.